அம்மாவின் பித்தப்பை மற்றும் என் தலையாட்டல் குறித்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் உன் பராமரிப்பில் உள்ள நான்கு கால் ஜீவன்கள் அனைத்தும் நலமென நம்புகிறேன். இங்கே நான் நலம். அம்மாவும் நலம், ஆனால் அவளுடைய பித்தப்பை இப்போது அவளிடம் இல்லை. இந்த ஒரு விவரம் தவிர உனக்குத் தெரிவிக்க இங்கே புதிதாக எதுவும் இல்லை. இதைப் படித்ததும் நீ போனைக் கையில் எடுப்பாய். கீழே வை. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், பிறகு அம்மா நடுவில் பேசுவாள், கடைசியில் நான் ஆரம்பித்த இடத்திலேயே நிற்பேன். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். கோபப்பட வேண்டிய இடங்கள் பல வரும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வாயு என்றேன். நம் வீட்டில் எந்த வலிக்கும் முதலில் வாயு என்று சொல்வது நான்தான் என்பது உனக்குத் தெரியும். சற்று நேரத்தில் வலி தோள்பட்டைக்கு ஏறி, வாந்தியும் வந்தது. தோள்பட்டையில் வாயு இருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் உன் சித்தி கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டுவிட்டாள். அவருடைய வேனில் ஏணிக்கும் ஒயர் சுருள்களுக்கும் நடுவே அம்மாவை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டூட்டியில் இருந்தவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார், பிறகு கை துடைக்கும் காகிதம் ஒன்றை மேசையில் விரித்து அதில் பேனாவால் படம் போட ஆரம்பித்தார். "பாருங்க ஐயா, கல்லீரல் இருக்கு இல்லையா, அதுக்குக் கீழே குட்டியா ஒரு பை தொங்குது. அந்தப் பைக்குள்ள…" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனிடம் 'குட்டியா ஒரு பை' என்று பேசுவதா என்று தோன்றிவிட்டது. "என் பொண்ணும் டாக்டர்தாம்மா" என்றேன்.

மாட்டு டாக்டர் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அப்படியா சார், முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று அந்தக் காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, "அக்யூட் கோலிசிஸ்டைடிஸ், மல்டிபிள் கால்குலை" என்று ஆரம்பித்தார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் யாரும் என்னிடம் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. மல்டிபிள் என்றால் பெருக்கல், கால்குலை என்றால் கணக்கு, ஆகவே பில்லைப் பற்றிச் சொல்கிறார் என்று எண்ணிப் பணப்பையை எடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பையை உள்ளே வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அதுதான் முதல் தலையாட்டல். ஒருமுறை ஆட்டிவிட்டால் பிறகு நிறுத்துவது சிரமம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் டாக்டர்கள் கூட்டமாக வந்தார்கள். அம்மா ஊசி மருந்தின் அசதியில் கண்ணயர்ந்திருந்தாள். அவர்களில் ஒருவர் என்னிடம், "கம்ப்ளைண்ட்ஸ் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். கம்ப்ளைண்ட் என்ற சொல்லோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். வேலை செய்கிறவர்களை எதிரில் வைத்துக்கொண்டு புகார் படிப்பது அநாகரிகம். "ஒரு கம்ப்ளைண்டும் இல்லீங்க, எல்லாரும் தங்கமா கவனிச்சுக்கறாங்க. தலைக்கு மேல அந்த லைட்டு மட்டும் கொஞ்சம் கண்ணைக் கூசுது" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா விழித்தெழுந்து வலிக்கிறது என்று முனகினாள். நர்ஸ் வந்து கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையைப் பார்த்து, "வலியே இல்லைன்னுல்ல எழுதியிருக்கு. போட்டோஃபோபியா மட்டும்தான் போட்டிருக்காங்க" என்றாள். அம்மாவுக்குப் போட்டோ எடுத்தால் ஆகாது என்பது உண்மைதான். நம் வீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் பக்கவாட்டில்தான் இருப்பாள். ஆனால் அதை ரத்தப் பரிசோதனையில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நான் வியந்துகொண்டு நிற்க, சித்தி டாக்டரைத் தேடிப் பிடித்து வலிக்கு ஊசி எழுதி வாங்கி வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இது நீ கோபப்பட வேண்டிய முதல் இடம்.

அன்று மாலை சர்ஜன் வந்தார். நெடிய மனிதர், மெதுவான பேச்சு. "இப்போதைக்கு கன்சர்வேடிவ் மேனேஜ்மென்ட்தான் சார்" என்றார். தலையாட்டினேன். அவர் போனதும் சித்தி என்னவென்று கேட்டாள். "இந்த ஆஸ்பத்திரி நடத்தறவங்க கொஞ்சம் பழைய காலத்து ஆளுங்களாம். பாத்து நடந்துக்கணும்" என்று விளக்கினேன். சித்தி அன்றிலிருந்து வார்டில் சத்தம் போட்டுச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். அரைக்கால் சட்டையோடு பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் தம்பியை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினேன்; பாவம், அடுத்த நாள் முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வந்து, மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டு நின்றார். அம்மாவை நான் கழுத்து வரை போர்வையால் போர்த்தி வைத்தேன். நர்ஸ் வந்து, "ஏன் இப்படி வேர்க்க வேர்க்கப் போத்தி வெச்சிருக்கீங்க, குளிர் ஜுரமா?" என்று கேட்டாள். "மேனேஜ்மென்ட்" என்று தணிந்த குரலில் சொன்னேன். அவளுக்கும் புரியவில்லை. ஆனால் டாக்டரின் அப்பா சொன்னதால் அவளும் தலையாட்டினாள்.

அதற்கடுத்து வந்ததுதான் போன் விவகாரம். சர்ஜன் அட்டையைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் ஸ்டேபிள்" என்றார். ஸ்டேபிள் என்றால் குதிரை லாயம் என்று எனக்குச் சொல்லித்தந்தவள் நீதான். உன் தொழில் அவருக்குத் தெரிந்துவிட்டது, குத்திக்காட்டுகிறார் என்றே நினைத்தேன். அவரோ சிரித்த முகமாக, "உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன் சார், நம்பர் குடுங்க" என்றார். மறுக்க வழியில்லை. வராந்தாவில் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, "சார், கன்னு வெளிய வந்துட்டிருக்கு, இழுத்துக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். அவர் காதில் அது கண்ணாக விழுந்திருக்கிறது.

"உங்க பொண்ணு கண் ஸ்பெஷலிஸ்டுன்னு சொல்லவே இல்லையே சார்" என்றார்.

தலையாட்டினேன்.

"பயங்கரமான கேஸ் போல. இழுத்துக்கிட்டிருக்காங்க."

"அவளுக்குக் கை கொஞ்சம் பலம்" என்றேன்.

அதன் பிறகு வார்டில் என் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. நர்ஸ்கள் கண்ணில் பூச்சி பறப்பதாக வந்து சொன்னார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாளின் கணவர் தன் கண்ணை விரலால் விரித்துக் காட்டிப் புரை வந்திருக்கிறதா என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "கண்ணைத் தேய்க்காதீங்க." அது தவறான அறிவுரை இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அன்று சாயங்காலம் நீ என்னைக் கூப்பிட்டு, "யாருப்பா அது, டாக்டர்னு ஒருத்தர் பேசினாரே" என்று கேட்டபோது, "பாலிசி விக்கறவன், அந்த நம்பரை பிளாக் பண்ணிடு" என்று சொன்னேன் அல்லவா, அது பொய். உனக்கு அங்கே கன்று ஈனும் பருவம், அலைய வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். அது காரணத்தில் பாதி. நீ வந்து நின்றால் கண் டாக்டர் எங்கே என்று கேட்பார்களே என்பது மீதிப் பாதி. சர்ஜன் அதற்குப் பிறகும் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை என்றார். கண் டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் என்றேன்.

நாலைந்து நாளில் வலி அடங்கியது. சர்ஜன் வந்து, "நல்லா தேறிட்டாங்க. சர்ஜரி எலெக்டிவா பண்ணிக்கலாம், என்ன சொல்றீங்க?" என்றார். இந்தச் சொல் எனக்குத் தெரியும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நீ படிக்கும்போது கோழி வளர்ப்பை எலெக்டிவாக எடுத்தாய். விருப்பம் இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று அப்போது நீயே சொன்னாய். ஆக ஆபரேஷன் என்பது கோழி வளர்ப்பு மாதிரி. வீட்டில் கலந்து சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, கட்டிலைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தி, அலுவலக முறைப்படி கை தூக்கச் சொன்னேன். சித்தி, "கத்தி வைக்காமலே சரியாப் போனதை எதுக்கு அத்தான் கிளறணும்?" என்று வேண்டாம் பக்கம் தூக்கினாள். நானும் வேண்டாம் பக்கம். எலெக்ட்ரீஷியன் தம்பி மட்டும், "உள்ள ஃபால்ட் இருந்தா பாக்ஸைத் தொறந்துதான் சார் பாக்கணும்" என்று வேண்டும் பக்கம் தூக்கினார். அவர் குடும்ப உறுப்பினர் இல்லை என்பதால் அது கணக்கில் வராது என்று அறிவித்தேன். அம்மா இதையெல்லாம் தலையணையில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. சர்ஜனிடம் போய், "இப்போதைக்கு வேண்டாம்னு முடிவாயிருக்கு" என்றேன். "உங்க பொண்ணுகிட்டயும் பேசிட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். இது நீ அதிகம் கோபப்பட வேண்டிய இடம். கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா சமையல்கட்டில் நின்று வேலை செய்தாள், மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். என் முடிவு சரி என்று நான் சித்தியிடம் இரண்டொரு முறை சொல்லவும் செய்தேன். அடுத்த வாரம் ஒரு காலையில் மாடியிலிருந்து குடம் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மா மாடிப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொதித்தது. கண் மஞ்சளடித்திருந்தது. பேச்சு வரவில்லை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் பயந்தேன் என்றெல்லாம் எழுதுவது இந்தக் கடிதத்தின் தன்மைக்குப் பொருந்தாது. செருப்பு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன் என்பதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சர்ஜன் ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு, "அன்னிக்கு ஏன் சார் வேண்டாம்னீங்க?" என்றார்.

"நீங்கதானே எலெக்டிவ்னு சொன்னீங்க."

"எலெக்டிவ்னா வேண்டாம்னு அர்த்தம் இல்லை சார். அவசரமா இன்னிக்கே பண்ண வேண்டியதில்ல, ஒரு தேதி குறிச்சு நிதானமா பண்ணிக்கலாம்னு அர்த்தம். பண்ணித்தான் ஆகணும். உங்க பொண்ணு சொல்லலையா?"

தலையாட்டுவதற்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது அம்மா கண்ணைத் திறந்தாள்.

"அவ மாட்டு டாக்டருங்க" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. சர்ஜன் என்னைப் பார்த்தார். தள்ளுகிறவரும் என்னைப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு வெளிய வந்தது…"

"கன்னுக்குட்டி" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதை நினைச்சு நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை சார்" என்று மட்டும் சொன்னார். அம்மா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அன்னிக்கு ஒரு டாக்டர் பொண்ணு படம் போட ஆரம்பிச்சுது. இவரு முடிக்க விடல. நீங்க முடிங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

அவர் அவசரத்திலும் நின்றார். தன் உள்ளங்கையிலேயே பேனாவால் வரைந்தார். "இது கல்லீரல். இதுல பித்தநீர்னு ஒண்ணு ஊறுது, சாப்பாட்டுக் கொழுப்பைச் செரிக்க வைக்க. அதைச் சேத்து வைக்கற பைதான் இது. உங்க பையில கல்லு சேர்ந்திருக்கு. கல்லு வந்து வாயை அடைச்சா வலி. போன தடவை கத்தி வைக்காம மருந்து குடுத்தே வீக்கத்தை இறக்கினோம். கன்சர்வேடிவ்னு சொன்னது அதைத்தான். இப்போ ஒரு கல்லு குழாய்க்குள்ளயே இறங்கி அடைச்சிருக்கு. அதான் கண்ணு மஞ்சள், அதான் காய்ச்சல். இன்னிக்கு வாய் வழியா டியூப் விட்டு அந்தக் கல்லை எடுப்போம். காய்ச்சல் இறங்கினதும் பையையே எடுத்துடுவோம்."

"பை இல்லாம சாப்பிட முடியுமா?"

"முடியும்மா. பித்தநீர் சேராம நேரா குடலுக்குப் போயிடும், அவ்வளவுதான்."

"எடுக்கலேன்னா?"

"மறுபடி அடைக்கும். உயிருக்கு ஆபத்து."

"இதை இப்படிச் சொல்லியிருந்தா அன்னிக்கே நான் கை தூக்கியிருப்பேன்" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை. சம்மதக் காகிதத்தை அவளே வாங்கி, அவளே கையெழுத்துப் போட்டாள்.

நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தொட்டி, குழாய், அடைப்பு. வாழ்நாள் முழுக்க நான் கேட்டு எழுதிய புகார் இந்த மூன்று சொல்தான். ஜனங்கள் கவுண்ட்டரில் வந்து "தண்ணி வரலைங்க" என்பார்கள். நான் "பிரதான வால்வு தனிமைப்படுத்தல் நடவடிக்கையில் உள்ளது" என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். புரிந்துகொண்டுதான் ஆட்டினார்கள் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் செருப்பைக் கழற்றி என் காலருகே தள்ளி வைத்தாள். அளவு சரியில்லை. போட்டுக்கொண்டேன்.

கல் அன்றே வெளியே வந்துவிட்டது. சில நாள் கழித்துப் பையையும் எடுத்தார்கள். சர்ஜன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து, பழக்க தோஷத்தில், "அன்ஈவன்ட்ஃபுல் சார்" என்றார். என் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, "அப்படின்னா என்னங்க, ஒண்ணும் நடக்கலையா?" என்று கேட்டேன். "எந்தச் சிக்கலும் இல்லாம முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார். அப்படிக் கேட்பது அவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. பிறகு நான் யாரையும் விடவில்லை. நர்ஸ் வயிற்றுக் கட்டைக் காட்டி, "டிஸ்சார்ஜ் இருக்கா?" என்றபோது, "எந்த டிஸ்சார்ஜும்மா?" என்று கேட்டேன். "ரெண்டு இருக்கு சார். புண்ணுல இருந்து கசியறது ஒண்ணு, வீட்டுக்கு அனுப்பறது ஒண்ணு. முதல்ல சொன்னது இருந்தா ரெண்டாவது கிடையாது" என்றாள். முதலாவது இல்லை. இரண்டாவது கிடைத்தது.

இப்போது அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். தழும்பு என்று சொல்ல வயிற்றில் நான்கு சின்னக் கீறல்கள்தான். என்னிடம் தேவைக்குப் பேசுகிறாள். ஆகவே நீ கிளம்பி வர வேண்டியதில்லை. மாடுகளை விட்டுவிட்டு வராதே. சர்ஜனுக்குப் போன் செய்ய வேண்டாம். அவர் உன் தொழிலை ஒருவாறு ஜீரணித்திருக்கிறார், மறுபடி கிளற வேண்டாம். இவ்விஷயம் முழுவதும் உன் அப்பாவால் நல்லபடியாக முடிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளவும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும். கன்று நலமா என்று தெரிவிக்கவும். உன் கைக்கு என்றும் இதே பலம் இருக்க மனமார வாழ்த்தும்,

அப்பா

பி.கு.: உறையில் உன் முகவரியை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "அவளுக்கா? அவதான் வந்துட்டிருக்காளே" என்றாள். ஸ்ட்ரெச்சரில் கையெழுத்துப் போட்ட கையோடு நர்ஸின் போனை வாங்கி உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து நீ தினமும் சர்ஜனோடு பேசிவருகிறாயாம். பையை எந்தத் தேதியில் எடுப்பது என்று நீங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தீர்களாம். நான் இதை 'நல்லபடியாக முடித்தேன்' என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தது மட்டுமே என் பங்காம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அவகிட்ட எப்ப சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான்" என்றாள். வேன் சத்தம் கேட்கிறது. எலெக்ட்ரீஷியன் தம்பிதான் உன்னை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவருகிறாராம், அதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும். மேலே எழுதியவற்றில் வர வேண்டாம் என்பது, போன் செய்ய வேண்டாம் என்பது, உன் அப்பாவால் முடிக்கப்பட்டது என்பது ஆகிய மூன்றையும் நீக்கிப் படிக்கவும். நீ எதுவும் தெரியாதவளைப் போல உள்ளே வந்தால், நானும் எதுவும் எழுதாதவனைப் போல இருந்துகொள்வேன். உனக்கு இதைத் தெரிவிக்க வேறு வழி இல்லாததால் கடிதத்தை வாசலிலேயே கையில் கொடுத்துவிடுகிறேன்.